ஆங்கில வினைகளின் இறந்தகாலம்: அடிக்கடி தடுக்கும் சொற்கள் – கேள்வி பதில்

பள்ளியில் வி1, வி2, வி3 என்று மூன்று வரிசை போட்டு மனப்பாடம் செய்த அட்டவணை பலருக்கும் இன்னும் நினைவிருக்கும். ஆனாலும் அலுவலக மின்னஞ்சலிலோ போட்டித் தேர்விலோ குறிப்பிட்ட சில சொற்கள் திரும்பத் திரும்பக் காலை வாரும். அந்தச் சொற்களை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். வி1 என்பது அடிப்படை வடிவம். வி2 தனியாக நின்றே இறந்தகாலம் காட்டும். வி3 தனியாக நிற்காது; 'ஹேவ், ஹேஸ், ஹேட்' அல்லது 'வாஸ், வேர்' போன்ற துணையோடுதான் வரும். எழுத்துக்கூட்டல் முக்கியமான இடங்களில் எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம்.

'டிட் நாட் வென்ட்' ஏன் தவறு? நடந்து முடிந்த செயல்தானே?

தமிழைக் கவனித்தால் விடை அங்கேயே இருக்கிறது. 'போனான்' என்பதை மறுக்கும்போது 'போகவில்லை' என்கிறோம். 'போனவில்லை' என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லாது. 'இல்லை' வந்ததும் வினை தன் காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் 'போக' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் காலத்தை 'டிட்' வாங்கிக்கொள்கிறது. அது வாங்கிக்கொண்ட பிறகு பின்னால் வரும் சொல் வி1 ஆகத்தான் இருக்க வேண்டும்: 'டிட் நாட் கோ'. 'டிட் நாட் வென்ட்' என்பது 'போனவில்லை' என்பதற்கு நேர்.

கேள்விக்கும் இதேதான். 'டிட் யூ சா?' அல்ல, 'டிட் யூ சீ?'. 'டு', 'குட்', 'ஷுட்', 'வுட்', 'மஸ்ட்' ஆகியவற்றை அடுத்தும் வி1தான் வரும்.

ஆனால் 'யார் வந்தது?' என்பது போல எழுவாயையே கேட்கும் கேள்வியில் 'டிட்' தேவையில்லை. 'ஹூ கேம்?' போதும். கேள்வி என்றாலே 'டிட்' என்று பழகியவர்கள் இங்கே 'ஹூ டிட் கேம்?' என்று இரட்டைத் தவறு செய்கிறார்கள்.

இன்னொன்று காதுக்குத் தெரியாது, எழுத்தில் மாட்டும். 'யூஸ்ட் டு' என்பதன் மறுப்பு 'டிட் நாட் யூஸ் டு'. எழுதும்போது கடைசி 'டி' போய்விட வேண்டும். பேச்சில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

'லை', 'லே' இரண்டும் எப்போதும் குழப்புகின்றன. ஒரேயடியாகத் தீர்க்க வழி உண்டா?

உண்டு. முதலில் இவை இரண்டல்ல, மூன்று வினைகள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

'கிட, படு' என்ற பொருளில் வருவது 'லை', எல்-ஐ-இ. இதன் வி2 'லே', எல்-ஏ-ஒய். வி3 'லெய்ன்', எல்-ஏ-ஐ-என்.

'கிடத்து, வை, இடு' என்ற பொருளில் வருவது 'லே', எல்-ஏ-ஒய். வி2, வி3 இரண்டும் 'லெய்ட்', எல்-ஏ-ஐ-டி.

'பொய் சொல்' என்ற 'லை' எழுத்திலும் ஒலியிலும் முதலாவதைப் போலவே இருக்கும். ஆனால் இது சாது. வி2, வி3 இரண்டும் 'லைட்', எல்-ஐ-இ-டி.

சிக்கலின் மையம் எங்கே என்று இப்போது தெரிகிறதா? முதல் வினையின் இறந்தகாலமும் இரண்டாம் வினையின் நிகழ்காலமும் ஒரே எல்-ஏ-ஒய். அட்டவணையை எத்தனை முறை ஒப்பித்தாலும் இந்த மோதல் தீராது. பொருளைக் கேட்டால் தீரும். வாக்கியத்தைப் பார்த்து 'எதை?' என்று கேளுங்கள். கோழி இட்டது; எதை? முட்டையை. விடை வருகிறது, ஆகவே 'லெய்ட்'. நாய் திண்ணையில் கிடந்தது, எதை? கேள்வியே பொருந்தவில்லை, ஆகவே 'லே'. அடிக்கல் கல்வெட்டுகளில் 'ஃபவுண்டேஷன் ஸ்டோன் லெய்ட் பை' என்று பொறித்திருப்பதும் இதே கணக்குதான். நாட்டப்பட்டது எது? கல்.

'-இங்' சேர்க்கும்போது கவனம். கிடப்பதற்கும் பொய் சொல்வதற்கும் 'லையிங்', எல்-ஒய்-ஐ-என்-ஜி. வைப்பதற்கும் முட்டையிடுவதற்கும் 'லேயிங்'. 'தி ஃபைல் இஸ் லேயிங் ஆன் தி டேபிள்' என்று எழுதினால் கோப்பு மேசைமேல் முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது என்று யாராவது கிண்டல் செய்வார்கள்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே 'ஐ லெய்ட் டவுன்' என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். அவர்கள் பேச்சில் அது கடந்துபோகும். உங்கள் தேர்வுத்தாளில் மதிப்பெண் போகும்.

'ரைஸ்'–'ரெய்ஸ்', 'ஃபால்'–'ஃபெல்' இவையும் அதே வகையா?

அதே வகைதான். தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தது இங்கே அப்படியே உதவும். கிட–கிடத்து, எழு–எழுப்பு, விழு–வீழ்த்து என்று தமிழில் இருப்பதுபோல ஆங்கிலத்திலும் சில இணைகள் மிச்சமிருக்கின்றன. இவற்றில் தன்வினைதான் உயிரொலியை மாற்றி முரண்டு பிடிக்கும். பிறவினை பெரும்பாலும் ஒழுங்காக '-இடி' வாங்கிக்கொள்ளும்.

தானாக எழுவது 'ரைஸ்–ரோஸ்–ரிசன்'. ஒருவர் எழுப்புவது, உயர்த்துவது 'ரெய்ஸ்–ரெய்ஸ்ட்–ரெய்ஸ்ட்'. விலை ஏறியது என்றால் 'தி பிரைஸ் ரோஸ்'. கடைக்காரர் ஏற்றினார் என்றால் 'ஹி ரெய்ஸ்ட் தி பிரைஸ்'. 'ரைஸ்ட்' என்று ஒரு சொல்லே கிடையாது. சிக்கல் எழுந்தது என்பதற்கு 'அரைஸ்–அரோஸ்–அரிசன்'. சந்தேகத்தைக் கிளப்பியது என்பதற்கு 'அரவுஸ்–அரவுஸ்ட்'.

மரம் தானாக விழுந்தால் 'தி ட்ரீ ஃபெல்'. வெட்டிச் சாய்த்தால் 'தே ஃபெல்ட் தி ட்ரீ', எஃப்-இ-எல்-எல்-இ-டி. இதை 'உணர்ந்தேன்' என்ற பொருளில் வரும் 'ஃபெல்ட்' உடன் சேர்க்க வேண்டாம், அது எஃப்-இ-எல்-டி. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும் ஒலி வேறு. மரத்துக்கு வருவது 'வண்டி'யில் உள்ள மெல்லிய ட, உணர்வுக்கு வருவது 'பட்டு'வில் உள்ள அழுத்தமான ட.

'ஃபவுண்ட்', 'ஃபவுண்டட்' எப்போது எது?

கண்டுபிடி என்ற 'ஃபைண்ட்' இறந்தகாலத்தில் 'ஃபவுண்ட்' ஆகும். நிறுவு என்ற வினையின் அடிப்படை வடிவமே 'ஃபவுண்ட்', அதனால் அதன் இறந்தகாலம் 'ஃபவுண்டட்'. மெட்ராஸ் பல்கலைக்கழகம் 'வாஸ் ஃபவுண்டட் இன் 1857'. அங்கே 'வாஸ் ஃபவுண்ட்' என்று எழுதினால் காணாமல்போன பல்கலைக்கழகம் 1857இல் அகப்பட்டது என்றாகும்.

இப்படி ஒன்றின் இறந்தகாலம் இன்னொன்றின் நிகழ்காலமாக இருக்கும் சொற்கள் மேலும் சில உண்டு. 'சா' என்பது 'பார்த்தேன்'. அதே எஸ்-ஏ-டபிள்யூ 'ரம்பத்தால் அறு' என்றும் பொருள்படும், அப்போது வி2 'சாட்', வி3 'சான்'. டபிள்யூ-ஓ-யூ-என்-டி என்பதைச் 'சுற்றினான்' என்ற பொருளில் 'வவுண்ட்' என்றும், 'காயப்படுத்து' என்ற பொருளில் 'ஊண்ட்' என்றும் ஒலிக்க வேண்டும். காயப்பட்டவர்கள் 'ஊண்டட்'.

வாங்கினேன் – 'பாட்'; கொண்டுவந்தேன் – 'ப்ராட்'. எழுதும்போது மாறிவிடுகிறது. என்ன செய்வது?

'ப்ரிங்' என்பதில் 'ஆர்' இருக்கிறது, ஆகவே 'ப்ராட்' என்பதிலும் இருக்கும். 'பை' என்பதில் இல்லை, 'பாட்' என்பதிலும் இல்லை. கடையிலிருந்து பேனா வாங்கினாலும் சரி, கொண்டுவந்தாலும் சரி, இரண்டு வாக்கியமும் பொருள் தருவதால் படிப்பவருக்கும் தவறு கண்ணில் படாது. அதனால்தான் இது நெடுநாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதே குடும்பத்தில் எழுத்துக்கூட்டல் சிக்கல் ஒன்று உண்டு. சிலவற்றில் ஏ-யூ வரும், சிலவற்றில் ஓ-யூ. அடிச்சொல்லைப் பாருங்கள். 'கேட்ச்', 'டீச்' இரண்டிலும் 'ஏ' என்ற எழுத்து இருக்கிறது. அவற்றின் இறந்தகாலத்தில் ஏ-யூ-ஜி-ஹெச்-டி. 'பை', 'ப்ரிங்', 'திங்க்', 'ஃபைட்', 'சீக்' எதிலும் 'ஏ' இல்லை, அவற்றுக்கு ஓ-யூ-ஜி-ஹெச்-டி. இந்த ஏழுக்கும் இது தப்பாது.

'ஹங்' சரியா, 'ஹேங்ட்' சரியா?

மனிதரைத் தூக்கிலிட்டதற்கும் தூக்கிட்டுக்கொண்டதற்கும் 'ஹேங்ட்'. மற்ற எல்லாவற்றுக்கும் 'ஹங்'. படம் மாட்டியதும், துணி தொங்கியதும், கணினி அப்படியே நின்றுபோனதும் 'ஹங்'தான். பழைய ஆங்கிலத்தில் தனித்தனியாக இருந்த வினைகள் பிற்காலத்தில் ஒன்றாகக் கலந்தன. நீதிமன்ற மொழி மட்டும் பழைய வடிவத்தை விடவில்லை. இந்தியாவின் 1973ஆம் ஆண்டு குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 354(5) பிரிவிலும் மரண தண்டனைத் தீர்ப்புக்கான வாசகம் 'ஹேங்ட் பை தி நெக்' என்றே இருந்தது.

'ரீட்' மாறாதபோது 'லீட்' மட்டும் ஏன் மாறுகிறது?

'ரீட்' எழுத்தில் மாறாது, ஒலியில் மட்டும் 'ரெட்' ஆகும். 'வழிநடத்து' என்ற 'லீட்' எழுத்திலும் மாறி எல்-இ-டி ஆகிவிடும். இங்கே இரண்டு பொறிகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, 'ரீட்' போலவே இதுவும் இருக்கும் என்ற நினைப்பு. மற்றொன்று, ஈயம் என்ற உலோகத்தின் பெயர் எல்-இ-ஏ-டி என்று எழுதப்பட்டு 'லெட்' என்றே ஒலிக்கப்படுவது. தன்விவரக் குறிப்பில் 'ஒரு குழுவை வழிநடத்தினேன்' என்று எழுதும் இடத்தில் இந்தப் பிழை ஏராளம். அங்கே எல்-இ-டி மூன்றே எழுத்து.

'காஸ்டட்', 'கட்டட்', 'ஹர்ட்டட்' – இவை உண்டா?

கிடையாது. 'கட், புட், ஹிட், ஹர்ட், லெட், செட், ஷட், பர்ஸ்ட், காஸ்ட், ஸ்ப்ரெட்' ஆகியவை மூன்று வடிவத்திலும் அப்படியே நிற்கும். 'காஸ்ட்' மட்டும் ஒரு விலக்கு தரும்: ஒரு திட்டத்துக்குச் செலவைக் கணக்கிட்டு மதிப்பிட்டார்கள் என்ற கணக்கியல் பொருளில் 'காஸ்டட்' சரி. 'எனக்கு 500 ரூபாய் ஆனது' என்பதற்கு 'இட் காஸ்ட் மீ' மட்டுமே. 'ப்ராட்காஸ்ட்', 'ஃபோர்காஸ்ட்' இரண்டுக்கும் '-இடி' சேர்த்த வடிவத்தையும் அகராதிகள் ஏற்கின்றன. சேர்க்காமல் எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

இவற்றைப் படிக்கும்போது காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? 'ஹி புட்' என்று 'எஸ்' இல்லாமல் வந்தால் இறந்தகாலம். நிகழ்காலமாக இருந்தால் 'ஹி புட்ஸ்' என்றுதான் வந்திருக்கும். 'ஷி ரீட்' என்று எழுத்தில் கண்டாலும் அதே தர்க்கம்; அதை 'ரெட்' என்று வாசியுங்கள்.

'ட்ராங்க்', 'ட்ரங்க்' போன்றவற்றில் வி2, வி3 இடம் மாறிவிடுகின்றன.

'ஐ' வந்தால் இன்று, 'ஏ' வந்தால் நேற்று, 'யூ' வந்தால் துணையோடு. 'ட்ரிங்க்–ட்ராங்க்–ட்ரங்க்', 'சிங்–சாங்–சங்', 'ரிங்–ராங்–ரங்', 'ஸ்விம்–ஸ்வாம்–ஸ்வம்', 'பிகின்–பிகேன்–பிகன்'. 'ஐ ஹேவ் ட்ராங்க்' தவறு, 'ஐ ஹேவ் ட்ரங்க்' சரி.

இந்த மெட்டில் மயங்கி 'ஸ்விங்' என்பதற்கு 'ஸ்வாங்' என்று போடக்கூடாது. 'ஸ்விங், ஸ்டிங், க்ளிங், ஃப்ளிங், ரிங் எனும் பிழி' ஆகியவை 'ஏ' படியைத் தாண்டிக்குதித்து வி2விலும் வி3யிலும் 'யூ' எடுக்கும்: 'ஸ்வங்', 'ஸ்டங்'. பிழி என்ற 'ரிங்' டபிள்யூ-வில் தொடங்கும். 'ப்ரிங்' இரண்டு கட்சியிலும் இல்லை.

வி1, வி3 இரண்டும் ஒன்றாக இருப்பவை மூன்றைத் தனியாக மனதில் வையுங்கள்: 'கம்–கேம்–கம்', 'பிகம்–பிகேம்–பிகம்', 'ரன்–ரான்–ரன்'. 'ஹேஸ் கேம்' என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் இந்த மூன்றில் ஒன்றுதான் இடம் மாறியிருக்கும். 'கோ' எப்படி 'வென்ட்' ஆனது என்று வியப்பவர்களுக்கு: 'வென்ட்' வேறொரு வினையின் இறந்தகாலம். 'செண்ட்–சென்ட்', 'பெண்ட்–பென்ட்' போல 'வெண்ட்' என்ற பழைய வினை தன் இறந்தகாலத்தை 'கோ'வுக்குத் தந்துவிட்டது.

ஏரி நிரம்பி வழிந்தது – 'ஓவர்ஃப்ளோன்' சரியா?

தவறு. வழிவது 'ஃப்ளோ–ஃப்ளோட்', ஆகவே 'ஓவர்ஃப்ளோட்'. 'ஃப்ளை–ஃப்ளூ–ஃப்ளோன்' என்பது பறப்பதற்கு. 'தி லேக் ஹேஸ் ஓவர்ஃப்ளோன்' என்றால் ஏரி எதன் மேலோ பறந்து கடந்திருக்கிறது. தப்பியோடுவது 'ஃப்ளீ–ஃப்ளெட்'.

'பார்ன்' என்பதில் கடைசி 'இ' எப்போது வரும்?

பிறந்தேன் என்பதற்கு 'இ' இல்லை. தாங்கு, சும, ஏற்றுக்கொள் என்ற பொருளுக்கு 'இ' உண்டு. நேர்முகத் தேர்வு அழைப்பில் பயணச் செலவை விண்ணப்பதாரரே ஏற்க வேண்டும் என்று வரும் 'பார்ன் பை தி கேண்டிடேட்', நீரால் பரவும் நோய்க்கான 'வாட்டர்பார்ன்' ஆகியவற்றில் 'இ' வேண்டும்.

'பேய்ட்' என்பதை பி-ஏ-ஒய்-இ-டி என்று எழுதலாமா?

கூடாது, பி-ஏ-ஐ-டி. 'பே, சே, லே' மூன்றும் இப்படி மாறும். 'ப்ளே, ஸ்டே, டிலே, ப்ரே' மாறாமல் ஒய்-இ-டி எடுக்கும். எஸ்-ஏ-ஐ-டி என்பதன் ஒலி 'செட்'.

'லேர்ன்ட்' – 'டி' மட்டுமா, '-இடி'யா?

இரண்டும் சரி. 'லேர்ன், பர்ன், ட்ரீம், ஸ்பெல், ஸ்பில், ஸ்பாயில்' ஆகியவற்றுக்கு பிரிட்டிஷ் எழுத்தில் குறுகிய வடிவமும் செல்லும், அமெரிக்க எழுத்தில் பெரும்பாலும் '-இடி'. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். இதைப் பார்த்து 'ஏர்ன்' என்பதற்கும் குறுகிய வடிவம் போடாதீர்கள். சம்பாதித்தேன் என்பதற்கு '-இடி' வடிவமே சரி. கற்றறிந்த என்ற அடைமொழியாக வரும்போது, நீதிமன்றத்தில் கேட்பதுபோல, 'லேர்னெட்' என்று இரண்டு அசையாக ஒலிக்கும். 'கெட்' என்ற வினைக்கு 'காட்டன்' என்ற வி3 அமெரிக்க வழக்கு, பிரிட்டனில் 'காட்'.

கடைசி எழுத்தை எப்போது இரட்டிக்க வேண்டும்?

சொல்லின் கடைசி அசையில் அழுத்தம் விழுந்து, அது ஒற்றை உயிரெழுத்தும் ஒற்றை மெய்யுமாக முடிந்தால் இரட்டிக்கவும்: 'ஸ்டாப்ட்', 'பிளான்ட்', 'ஒக்கர்ட்', 'ரிஃபர்ட்', 'ப்ரிஃபர்ட்'. முதல் அசையில் அழுத்தம் இருந்தால் வேண்டாம்: 'ஆஃபர்ட்', 'விசிட்டட்', 'ஹேப்பண்ட்', 'ஓபன்ட்'. அலுவலகக் கடிதங்களில் அதிகம் பிழைபடுவது 'ஒக்கர்ட்'. அதில் இரண்டு 'சி', இரண்டு 'ஆர்'. 'எல்' மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். 'ட்ராவல்' என்பதற்கு பிரிட்டிஷ் வழக்கில் இரண்டு 'எல்', அமெரிக்க வழக்கில் ஒன்று. 'சி'யில் முடியும் 'மிமிக்', 'பேனிக்' ஆகியவை ஒரு 'கே' சேர்த்துக்கொண்டுதான் '-இடி' வாங்கும்.

'வாக்கட்', 'ஆஸ்கட்' என்று உச்சரிக்கலாமா?

'-இடி'க்குத் தனி அசை கிடைப்பது, சொல் ஏற்கெனவே ட ஒலியில் முடிந்தால் மட்டும்: 'வாண்டட்', 'நீடட்'. க், ப், ச், ஷ், ஃப் போன்ற வல்லொலிகளுக்குப் பின் 'பட்டு'வின் ட: 'வாக்ட்', 'ஆஸ்க்ட்', 'வாஷ்ட்'. மற்ற இடங்களில் 'வண்டி'யின் ட: 'ப்ளேட்', 'கால்ட்'. தமிழ்ச் சொல் மெய்க்கூட்டத்தில் முடியாது என்பதால் நம் நாக்கு நடுவே ஓர் உயிரைச் செருகப் பார்க்கும். 'ஆஸ்க்ட் ஹிம்' என்று அடுத்த சொல்லோடு ஒட்டிச் சொல்லிப் பழகினால் அது குறையும்.

'நேற்று வந்திருந்தேன்' என்பதற்கு 'ஐ ஹேட் கம் எஸ்டர்டே' சரிதானே?

தமிழில் உள்ள 'இருந்தேன்'தான் அந்த 'ஹேட்' என்பதை இழுத்து வருகிறது. ஆங்கிலத்தில் 'ஹேட்' வர, முடிந்துபோன இன்னொரு செயல் பக்கத்தில் இருக்க வேண்டும்: நான் போய்ச் சேர்வதற்குள் ரயில் கிளம்பியிருந்தது, 'ஹேட் லெஃப்ட்'. ஒரே செயல் என்றால் 'ஐ கேம் எஸ்டர்டே'. அதேபோல 'எஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'இன் 2019' என்று முடிந்த நேரம் குறித்துவிட்டால் 'ஹேவ்' கூடாது. 'ஐ ஹேவ் சென்ட் தி மெயில் எஸ்டர்டே' என்பதில் 'ஹேவ்' என்பதை எடுத்துவிடுங்கள். மிச்சம் சரியாக இருக்கும்.

பிழைதிருத்தி மென்பொருள் இவற்றைப் பிடிக்காதா?

'ஒக்கர்ட்' போன்ற எழுத்துப்பிழையைப் பிடிக்கும். ஆனால் இந்தப் பக்கத்தில் வந்தவற்றில் பாதி, தவறான இடத்தில் நிற்கும் சரியான சொற்கள். எழுத்துக்கூட்டலை மட்டும் பார்க்கும் மென்பொருள் அவற்றைத் தாண்டிப் போய்விடும். இலக்கணம் பார்க்கும் மென்பொருளும் எல்லா இடத்திலும் பிடிக்காது. முக்கியமான கடிதமானால் தேடல் பெட்டியில் ஐந்து சொற்களை ஒவ்வொன்றாக இட்டுப் பாருங்கள்: எல்-இ-ஏ-டி, எல்-ஏ-ஒய், 'ஃபவுண்ட்', 'ப்ராட்', பிறகு 'டிட்'. முதல் நான்கும் அகப்படும் இடத்தில் பொருள் பொருந்துகிறதா என்று பார்க்கவும். 'டிட்' அகப்பட்டால் அதை அடுத்து வரும் வினை வி1தானா என்று பார்க்கவும். ஒரு பக்கக் கடிதத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும்.